இலை என்று எழுதியவள்

மாங்காயை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வைத்தேன். தம்பி மகள் திவ்யா டாக்டர் படிப்புக்கான பரீட்சை எழுதிவிட்டு மூன்று தோழிகளோடு வந்திருந்தாள். உயிரியல் விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நாப்பத்திரெண்டாவது கேள்விக்கு?”

“பி.”

“அரே, சி-டீ! எங்க மூணு பேருக்கும் சி-தான்.”

“அப்போ இதுவும் போச்சு,” என்றாள் திவ்யா. எடுத்த துண்டு கையிலேயே இருந்தது.

அந்த மாங்காய் வாசம் என்னை நான் படித்த கண்டோன்மென்ட் தமிழ்ப் பள்ளி வாசலுக்குக் கொண்டுபோனது. ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து, இதேபோல் தின்றுகொண்டே விடை ஒப்பிட்டோம். செடிக்கு உணவு தயாரிப்பது எது? நான் இலை என்று எழுதியிருந்தேன். மற்ற ஐந்து பேரும் வேர் என்றார்கள். வேறு சில கேள்விகளிலும் நான் தனியாகவே நின்றேன். வீட்டுக்குப் போய், “நான் பெயிலுப்பா” என்று நானே சொல்லிவிட்டேன்.

“சரி விடு, தம்பியப் பாத்துக்க,” என்றார் அப்பா. தொட்டிலில் கிடந்தவன்தான் திவ்யாவின் அப்பா.

ரிசல்ட் பார்க்க யாரும் போகவில்லை. பள்ளி திறந்து வெகுநாள் கழித்து டீச்சர் அப்பாவைச் சந்தையில் பார்த்து, “பாஸான பொண்ண ஏன் அனுப்பல?” என்று கேட்டாராம். அதற்குள் அம்மா வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். தொட்டிலை ஆட்ட வேறு ஆளில்லை.

திவ்யா போனை எடுத்தாள். “அப்பாகிட்ட சொல்லிடறேன். இனிமே படிக்க மாட்டேன்னு.”

‘ரிசல்ட் வரட்டுமே கண்ணு’ என்று சொல்ல வாயெடுத்தேன். நான்கு பேரும் திரும்பி, ஐந்தாவதோடு நின்ற என்னைப் பார்த்தார்கள்.

“என்ன அத்தை?”

“இன்னும் மாங்கா நறுக்கட்டுமா?” என்றுதான் கேட்க வந்தது.