அக்கா குறைக்க மறுத்த ஆறு தட்டுகள்

எங்கள் அக்காவைப் பற்றி எழுதும்போது ‘பொறுமையின் வடிவம்’ என்று தொடங்குமாறு பெரியவர்கள் சிலர் அன்புடன் கேட்டுக்கொண்டார்கள். மன்னிக்க வேண்டும். அக்கா பொறுமைசாலி அல்லர். இந்த நினைவு மலரை வாசிப்பவர்களில் பாதிப் பேருடன் அவர் ஒருமுறையாவது சண்டை போட்டிருக்கிறார். தங்கை என்ற முறையில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அக்கா திருமுல்லைவாயிலில் பிறந்தார். தாத்தா காலம்வரை பிறர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். அப்பா ஆவடியில் ஃபிட்டரானார். பெண்ணுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்டவர்கள் முன்னாலேயே அக்கா விண்ணப்பத்தை நிரப்பி, கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்தார். எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் ஒரு சிறிய தொழிற்சாலையில் சேர்ந்தார். மருந்துக் கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த மெத்தனால் கலந்த தண்ணீரை வாங்கி, மெத்தனாலைப் பிரித்து விற்கும் இடம் அது.

அங்கே புதிதாகக் காய்ச்சி வடிக்கும் டவர் ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு அக்காவுக்கு வந்தது. டவரின் அடியில் ரீபாய்லர் என்ற கலன் நீராவிச் சூட்டில் கலவையைக் கொதிக்க வைக்கும். மெத்தனால் முந்தி ஆவியாகித் தட்டுத் தட்டாக மேலே ஏறும்; தண்ணீர் கீழே இறங்கும். எத்தனை தட்டு என்பதுதான் கணக்கு. அக்கா சாப்பாட்டு மேசையில் கிராஃப் தாளை விரித்து மூன்று வாரம் கோடு இழுத்தார். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இருபத்திரண்டு என்று விடை வந்தது.

டவர் ஷெட்டின் கூரைக்குள் அடங்க வேண்டும், அடிப்பக்கத்தில் ஆறு தட்டுகளை எடுத்துவிடு என்றார் முதலாளி. எடுத்தால் கீழே வெளியேறும் தண்ணீரில் மெத்தனால் தங்கிவிடும். அது விஷம், கண்ணைப் பறிக்கும். அந்தத் தண்ணீர் போகும் கால்வாய்க் கரையில்தான் ஆபரேட்டர் ஏழுமலை அண்ணன் குடியிருந்தார். “எங்க ஊட்டாண்டதான் மேடம் போவுது. அதுலதான் பொம்பளைங்க துணி தொவைச்சிகினு கீறாங்க” என்று அவர் சொல்லியிருந்தார்.

“மேல சுத்தமா வந்தா போதும்மா. கீழ போற தண்ணியப் பத்தி யாரு கேக்கப் போறா?” என்றார் முதலாளி.

“நான் கேக்கறேன் சார். கூரைய வெட்டுங்க. தட்டக் குறைக்க மாட்டேன்.”

வரைபடத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். மறுநாள் முதல் வேலை இல்லை. பேசி முடித்திருந்த சம்பந்தமும் நின்றது. ஒரு கையெழுத்துதானே என்று அப்பா கெஞ்சினார். அக்கா அவருடன் ஒரு வாரம் பேசவில்லை. அறைக்குள் அக்கா அழுததைக் கேட்டேன். வருத்தமா, கோபமா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

வேறொருவர் கையெழுத்துடன் பதினாறு தட்டு டவர் எழுந்தது. அடியில் வெறும் தண்ணீர் என்றால் வெப்பமானி நூறைத் தொட வேண்டும். தொண்ணூற்றிரண்டைத் தாண்டவில்லை. நீராவியைக் கூட்டினால் மேலே வரும் மெத்தனாலில் தண்ணீர் சேர்ந்தது. வாங்கியவர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். கீழ்த்தண்ணீரைக் கால்வாயில் விடமாட்டேன் என்று ஏழுமலை அண்ணன் பீப்பாய்களில் பிடித்து வைத்தார். இரண்டாம் மாதம், பீப்பாய் வைக்க இடமில்லாமல் போனபோது, முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அக்கா காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்: ஆறு தட்டும் திரும்ப வேண்டும், பீப்பாய்த் தண்ணீர் முழுவதும் மறுபடி டவருக்குள் போக வேண்டும். வரைபடத்தின் மூலையில் தன் பெயர் இருக்க வேண்டும் என்பதையும் விடவில்லை.

கூரையை வெட்டினார்கள். டவர் ஓடிய முதல் நாள் ஏழுமலை அண்ணன் குனிந்து வெப்பமானியைப் பார்த்தார்.

“நூறு கீது மேடம்.”

“நிக்குதா பாருங்கண்ணே.”

நின்றது.

தொண்ணூறுகளில் பூந்தமல்லி வரை பல தொழிற்சாலைகளுக்கு அக்கா டவர் வடிவமைத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதிலும் சொல்லவில்லை. சிறுநீரகம் கைவிட்ட கடைசி வருடத்தில்கூட, டயாலிசிஸ் எந்திரத்தின் குழாய்களைக் காட்டி நர்ஸிடம் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடக்கத்தன்று கால்வாய்க் கரைப் பெண்கள் வந்து சவப்பெட்டியைத் தூக்கினார்கள். ஆண்கள்தான் தூக்க வேண்டும் என்று உறவினர் ஒருவர் குறுக்கே நின்றார். ஏழுமலை அண்ணன் மெதுவாக, “வழிய உடு நைனா” என்றார். நானும் போய்த் தோள் கொடுத்தேன். கல்லறைவரை நாங்கள் இறக்கவில்லை.

அக்காவைக் கவனித்த செவிலியருக்கும், இன்று நினைவுத் திருப்பலியில் கலந்துகொண்ட அனைவருக்கும், அன்று என்னோடு சுமந்த அந்த ஐந்து பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. குறுக்கே நின்றவருக்கும் இந்த மலரை அனுப்பியிருக்கிறேன்.