கல்லில் உட்கார்ந்தபடி மிதித்த நூற்று முப்பது வாட்

போன வருடம் வெயில் காலம் முடிகிற சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் கடலோரச் சாலையில் நடந்தது இது. நடந்ததற்கு முழுக் காரணமும் நான்தான். ஆனால் அன்றைக்கு வரைக்கும் நான் யார் யாரையெல்லாம் திட்டிக்கொண்டு திரிந்தேன் என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

என் மனைவி பள்ளியில் படிக்கும்போது சைக்கிள் பந்தயம் ஓட்டியவள். கல்யாணம், பிள்ளை, துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை என்று பதினைந்து வருடம் ஓடிவிட்டது. பெண்களுக்கு நாற்பது கிலோமீட்டர் பந்தயம் ஒன்று நடக்கப்போகிறது, வயது வரம்பு கிடையாது என்று யாரோ சொல்ல, வீட்டுக்கு வந்து, "நான் ஓட்டப்போறேன்" என்றாள். தனக்காக என்று அவள் வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் அதுதான். "ஜெயிக்கிறதெல்லாம் வாணாம்யா. கடேசி வரைக்கும் ஓட்டி முடிக்கணும், அவ்ளோதான்" என்றாள். பந்தயத்துக்கு மூன்று மாதம் இருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? மணலி பக்கம் ஒரு தொழிற்சாலையில் கருவிப் பராமரிப்பு எனக்கு வேலை. அழுத்தம் காட்டும் கேஜ், வெப்பம் காட்டும் கேஜ் எல்லாவற்றையும் சரிபார்ப்பதுதான் பிழைப்பு. எதையும் நம்பரில் பார்க்காவிட்டால் எனக்குத் திருப்தி வராது. பெரிய பந்தயக்காரர்கள் எல்லாம் பெடலை எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதை வாட் கணக்கில் அளந்துதான் பயிற்சி செய்கிறார்கள் என்று போனில் பார்த்தேன். அதை அளக்கும் கருவியின் விலையைப் பார்த்ததும் போனை மூடி வைத்தேன். எங்கள் சைக்கிளை விற்றாலும் அதன் டப்பாவைக்கூட வாங்க முடியாது.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. இதயத் துடிப்பை எண்ணிப் போனுக்கு அனுப்பும் மார்புப் பட்டை மலிவு. பழசாக ஒன்று கிடைத்தது. தெரிந்தவர் நடத்தும் உடற்பயிற்சிக் கூடத்தில், நின்ற இடத்திலேயே மிதிக்கிற, வாட் காட்டும் சைக்கிள் ஒன்று இருந்தது. ஒரு நாள் காலை அவளை அதில் உட்காரவைத்து, நூறு வாட்டில் ஐந்து நிமிடம், நூற்று முப்பதில் ஐந்து நிமிடம், நூற்று அறுபதில் ஐந்து நிமிடம் என்று மிதிக்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் துடிப்பு எவ்வளவு என்று குறித்துக்கொண்டேன். நூற்று முப்பது வாட்டுக்கு நூற்று நாற்பத்திரண்டு துடிப்பு. அதை அப்படியே திருப்பிப் போட்டால், சாலையில் துடிப்பைப் பார்த்தே வாட்டைச் சொல்லிவிடலாம் அல்லவா? இடையிலும் மேலேயும் உள்ள அளவுகளைக் கணக்குப் போட்டு நிரப்பி, அட்டவணையாக்கி, லேமினேட் செய்து, என் ஸ்கூட்டர் ஹேண்டிலில் கட்டிவிட்டேன். அவள் முன்னால் சைக்கிளில் போவாள். நான் பின்னால் ஸ்கூட்டரில், போனில் துடிப்பையும் அட்டையில் வாட்டையும் பார்த்துக் கத்திக்கொண்டே போவேன்.

"யோவ், கொழம்புல உப்பு கீதான்னு பாக்கக்கூட அட்டை போடுவியா நீ?" என்று கேட்டாள். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஆரம்பித்தது பேஜாரு. துடிப்பு ஏறிக்கொண்டே போனது. துடிப்பு ஏறினால் அட்டைப்படி வாட்டும் ஏறும். ஐந்தாவது வாரம் நூற்று ஐம்பது, ஆறாவது வாரம் நூற்று அறுபத்தைந்து. எனக்குத் தலைகால் புரியவில்லை, தொழிற்சாலையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் வேகம்? அது இறங்கிக்கொண்டே வந்தது. முதல் வாரம் நாற்பது நிமிடத்தில் ஓட்டிய தூரத்தை இப்போது ஐம்பது நிமிடத்தில் ஓட்டினாள்.

பலம் ஏறுகிறது, வேகம் இறங்குகிறது என்றால் பலம் எங்கேயோ வீணாகிறது என்றுதானே அர்த்தம்? எதிர்க்காற்றைத் திட்டினேன். சாலையை மறித்து நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களைத் திட்டினேன். டயரை மாற்றினேன். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினேன். பிரேக் கட்டை உரசுகிறது என்று பாதி நாள் உட்கார்ந்து அதை நோண்டினேன். கடைசியில் ராயபுரத்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய், பின் சக்கரத்துப் பேரிங் போய்விட்டது என்று சண்டை பிடித்தேன். அந்த மனுஷர் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது நிற்கிற வரைக்கும் பொறுமையாகப் பார்த்தார்.

"சக்கரம் சோக்கா சுத்துது நைனா. ஓட்றவங்கள கேட்டியா?"

கேட்கவில்லை. அதைவிட மோசம், அவளே சொன்னபோதும் காதில் வாங்கவில்லை. "கால் வலிக்கல. மூச்சுதான் பத்தல" என்று எத்தனை முறை சொன்னாள்! மாடிப்படி ஏறினாலே படபடவென்று வருகிறது என்றாள். மாதவிலக்கு மூன்று நான்கு மாதமாக ரொம்ப அதிகமாகப் போகிறது என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் கணக்குத்தாளில் அந்த ஐந்து நாளுக்கு நேராக 'ஓய்வு' என்று எழுதினேன். ஆறாவது நாள் அதிகாலை எழுப்பிவிட்டேன். இதை எழுதும்போதே என் கையை நானே முறிக்கலாம் போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து கிலோமீட்டர்கூட ஆகவில்லை. சைக்கிள் ஆமை மாதிரி நகர்ந்தது. அட்டையோ நூற்று எழுபது என்றது. எனக்குக் கடுப்பு தலைக்கேறிவிட்டது. "பலம் கீதுடி உன்கிட்ட! வேணும்னே மிதிக்க மாட்டேங்கிற! இதுக்கா நான் காலங்காத்தால எழுந்து வரேன்?" என்று நடுச்சாலையில் கத்தினேன். அவள் சைக்கிளை ஓரமாக நிறுத்திச் சாய்த்துவிட்டு, கடலரிப்பைத் தடுக்கப் போட்டிருக்கும் பாறாங்கல் ஒன்றில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். நானும் வீம்பாக ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் போயிருக்கும். பழக்கதோஷத்தில் போனைப் பார்த்தேன். துடிப்பு நூற்று நாற்பத்திரண்டு. கண் தானாக அட்டைக்குப் போயிற்று. நூற்று முப்பது வாட்.

அவள் கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். கால் இரண்டும் தரையில் இருக்கின்றன. சைக்கிள் பத்தடி தள்ளிக் கிடக்கிறது. என் அட்டை, அவள் நூற்று முப்பது வாட் பலத்தில் மிதித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறது.

ஓடினேன். அவள் உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. கையைத் தொட்டால் ஐஸ். பக்கத்தில் தார்ப்பாயில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார். என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. இவள் முகத்தை நிமிர்த்தி, கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, கண்ணுல சொட்டு ரத்தமில்ல. இத்த இட்டுகினு வந்து சைக்கிள் ஓட்ட வுட்டிருக்க? மனுசனா நீ?"

எந்தக் கருவியும் இல்லாமல், ஒரே ஒரு கட்டைவிரலில், அரை நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவரே ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினார். சைக்கிளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கடைசி வரை அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏழுக்கும் கீழே. மாதாமாதம் போன ரத்தத்துக்கு ஈடாகப் புது ரத்தம் ஊற முடியாமல் உடம்பு வற்றிப்போயிருக்கிறது. என் அட்டையைப் பற்றி நான் உளறியதும் டாக்டரம்மா முறைத்தார். ரத்தம் கம்மியானால், இருக்கிற கொஞ்சத்தைச் சுற்றி அனுப்ப இதயம் வேகமாக ஓடும், சும்மா இருந்தாலும் ஓடும், இன்னும் நாலு நாள் இப்படி விரட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தனக்கே தெரியாது என்றார். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், சைக்கிள் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். பந்தயத்துக்கு அப்போது மூன்று வாரம்தான் பாக்கி.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். தொழிற்சாலையில் இரண்டு கேஜ் ஒன்றுக்கொன்று முரணாகக் காட்டினால், நான் குழாயைக் குறை சொல்ல மாட்டேன். சந்தேகப்பட்ட கேஜை அந்த நிமிடமே கழற்றிச் சோதனை மேசைக்குக் கொண்டுபோவேன். பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறேன். வீட்டில் வேகம் ஒன்று சொன்னது, அட்டை வேறு சொன்னது, பெண்டாட்டி வாய்விட்டே சொன்னாள். நான் அட்டையை மட்டும் நம்பினேன். அவள் நன்றாக இருந்த ஒரு காலையில் எடுத்த அளவு, அவள் உடம்பு மாறிய பிறகும் சரியாக இருக்கும் என்று எந்த முட்டாள் நினைப்பான்? அவளுடைய பற்றாக்குறையைப் பலம் என்று எழுதி, ஊரெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன்.

உள்ளே போனபோது கையில் ஊசியோடு படுத்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"நீ வாட்டு ஏறுது ஏறுதுன்னு சொன்னியா... நான் நல்லாத்தான் கீறேன் போல, சோம்பேறித்தனமா கீது, அதான் முடியலன்னு நெனச்சுகினேன்யா. அதுக்குதான் பல்ல கடிச்சுகினு மிதிச்சேன்."

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

பந்தயம் நடந்த அன்று அவள் வீட்டில் இரும்புச் சத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மணி என்ன என்று இரண்டு தடவை கேட்டாள். அவள் ஆசைப்பட்ட ஒன்றே ஒன்றை நான் கெடுத்துவிட்டேன்.

சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது மறுபடியும் மெதுவாக ஓட்டுகிறாள். மார்புப் பட்டை இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. மலிவான வழி என்பதற்காக அதை நான் குறை சொல்ல மாட்டேன். மாதம் ஒரு முறை உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்ப் புதிதாக அளந்துகொள்கிறோம். ஆனால் காலையில் அவள் செருப்பைத் தேடும்போதே நான் கேட்டுவிடுகிறேன், "எப்டி கீது?" என்று. சில நாள் "இன்னிக்கு வாணாம்" என்பாள். ஏன் என்று கேட்காமல் ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டிவிடுவேன். என்னை நம்பித் தன் மூச்சையே பொய் என்று நினைத்த ஒருத்தியோடு வாழ்கிறேன் என்ற பயம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை, போகவும் வேண்டாம்.