பல் படாத தொட்டில்

பட்டறையில் அவருக்கு வயசேத்தி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை ஆஸ்பத்திரிச் சீட்டில் பார்த்தால்தான் உண்டு.

பேருக்கேற்ற வேலை. போன வாரம் அறுத்த பலகையில் செய்த மேஜையை அவர் கையில் கொடுத்தால், நூறு வருஷத்து மேஜையாகத் திருப்பித் தருவார். இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டால் சிரிப்புதான் வரும். அப்பா காலத்து அலமாரியை, இடத்தை அடைக்கிறதென்று பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்ட அதே ஆட்கள்தான்! புதுவீடு கட்டியதும் விண்டேஜ் வேண்டும், விண்டேஜ் வேண்டும் என்று பறந்துகொண்டு வருவார்கள். நிஜப் பழசு அத்தனை பேருக்கும் எங்கே கிடைக்கும்? அதில்தான் வயசேத்தியின் பிழைப்பு ஓடியது.

சாவிக்கொத்தால் அடிப்பார். சைக்கிள் சங்கிலியால் அடிப்பார். கம்பிப் பிரஷால் தேய்த்து மரத்தின் ரேகையை மேலே எழுப்புவார். தேயிலைச் சாயம் பூசிக் காயவைப்பார். கூர் ஊசியால் புழு அரித்த ஓட்டை போடுவார். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஓட்டையை நேர்வரிசையில் போட்டுவிடுவார்கள். "ஏம்ப்பா, புழு என்ன பள்ளிக்கூடத்துக்கா போகுது, வரிசையில நிக்கிறதுக்கு?" என்பார். பட்டறையே சிரிக்கும். நாற்காலியின் கையில் உள்ளங்கை படும் இடத்தை மட்டும் மழமழவென்று தேய்ப்பார். மேஜையில் சூடான டம்ளர் வைத்த வட்டம் ஒன்று போடுவார். அதுவும் முழு வட்டமாக இருக்காது.

எல்லாவற்றையும்விட அவர் பேர்போனது தொட்டிலில். நாலு பக்கமும் கம்பி அடைத்து, மேலே உருட்டிய சட்டம் போட்ட மரத்தொட்டில். பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்கலாம். நிற்கிற பிள்ளை சும்மா இருக்குமா? பல் முளைக்கிற ஊறலில் சட்டத்தைக் கடிக்கும். அந்தக் கடித்தடத்துக்காகவே வயசேத்தி ஒரு பழைய உளியின் முனையைத் தேய்த்து, நடுவில் ஒரு சின்னப் பிளவு விட்டு வைத்திருந்தார். சட்டத்தில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால், இரண்டு குட்டிப் பற்கள் பதிந்தது போலவே இருக்கும். தட்டுவதற்கு முன் ஒவ்வொரு தொட்டிலுக்கும் மனசுக்குள் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்வார். இது முரட்டுப் பயல், விட்டால் கட்டையையே தின்பான். இது சோம்பேறிப் பெண், ஒரே இடத்தில் நின்று கடிப்பாள். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொந்த மனைவியிடமே சொன்னதில்லை.

அவரிடம் அடிக்கடி வருகிறவர் வீடு அலங்கரிக்கும் டிசைனர் மேடம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாணியின் பெயர் சொல்வார். ரஸ்டிக் என்றால் மரம் முரடாக இருக்க வேண்டும், ஷாபி ஷிக் என்றால் வெள்ளைப் பெயின்ட் உரிந்து தொங்க வேண்டும், இண்டஸ்ட்ரியல் என்றால் இரும்பும் சிமென்டும் வெளியே தெரிய வேண்டும்.

"எங்க வீடு மூணும் சேர்ந்த ஸ்டைலுங்க மேடம்," என்பார் வயசேத்தி. "பைசா செலவில்லாம வந்தது."

அந்த வீட்டின் உள்ளறையில் ஒரு தொட்டில் இருந்தது. அவர் வயசேத்தி ஆவதற்கு முன்னால், மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது, இரவல் வாங்கிய இழைப்புளியால் அவரே செய்தது. தேக்கு. பிள்ளையின் ஈறில் குத்திவிடக் கூடாதென்று மேல்சட்டத்தைத் தேய்த்துத் தேய்த்து உருட்டியிருந்தார். பிள்ளை ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான். தொட்டில் மட்டும் வீட்டில் நின்றது. அப்புறம் அவர்களுக்குப் பிள்ளையே தங்கவில்லை.

அதில் ஒரு துணி மடித்து வைக்க மனைவி விட்டதில்லை. வாரம் தவறாமல் துடைத்து, எண்ணெய் போட்டு, வெள்ளைப் போர்வை மூடி வைத்தாள். ஊர் மரத்துக்கெல்லாம் வயசேற்றிய மனுஷன் வீட்டில், அந்த ஒரு மரத்துக்கு மட்டும் வயசே ஏறவில்லை. இருவருக்கும் தலை நரைத்த பிறகும் அது புதுசாகவே இருந்தது.

அந்த வருஷம் எதிர்வீட்டுப் பெரியவர் போய்ச் சேர்ந்தார். கேட்க ஆளில்லாத வீடு. வீட்டுக்காரர் ஆள் வைத்துச் சாமான்களைத் தெருவில் தூக்கிப் போட்டார். கட்டில், நாற்காலி, கண்ணாடி போன அலமாரி எல்லாம் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. வயசேத்தியின் மனைவி ஜன்னலருகே நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, நமக்கப்புறம் நம்ம தொட்டிலையும் இப்படித்தானே வீசுவாங்க?" என்றாள்.

அவர் வந்து ஜன்னல் கதவைச் சாத்தினார்.

"பிள்ளை இருக்கிற வீடாப் பார்த்துக் குடுத்துடுங்க. நான் கண்ணால பார்க்கணும், அதுல ஒரு பிள்ளை படுத்திருக்கிறதை. அது போதும் எனக்கு."

வேறெதுவும் அவள் அவரிடம் கேட்டதில்லை. நகை கேட்டதில்லை, நல்ல வீடு கேட்டதில்லை. இதைக் கேட்டாள்.

நேரம் கூடி வந்த மாதிரி, டிசைனர் மேடமே பட்டறைக்கு வந்து, ஒரு வீட்டுக்கு நிஜமான பழைய தொட்டில் வேண்டும் என்றார். "உங்க பழசு வேணாம்ணே. நெசப் பழசு. அந்த வீட்டுப் பொண்ணு அதுல பிடிவாதமா இருக்கு," என்று சிரித்தார்.

"எங்க வீட்டுல ஒண்ணு இருக்குங்க மேடம்," என்றார் வயசேத்தி.

மேடமும் அந்தப் பெண்ணும் வீட்டுக்கு வந்தார்கள். ஏழு மாத வயிறு, முகத்தில் இன்னும் சிறுபிள்ளைத்தனம். மனைவி போர்வையை எடுத்தாள். அந்தப் பெண் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். கண் மலர்ந்தது, உடனே சந்தேகமும் வந்தது.

"ரொம்ப அழகா இருக்குங்கம்மா. ஆனா புதுசு மாதிரி இருக்கே? புதுசுன்னா கடையிலயே கிடைக்குமே." கொஞ்சம் தயங்கினாள். "போன தடவை எனக்குத் தங்கலைம்மா. அதனால ஒரு குழந்தை நல்லபடியா வளர்ந்த தொட்டிலா இருந்தா மனசுக்குத் தெம்பா இருக்கும்னு... இதுல குழந்தை வளர்ந்துச்சுங்களா?"

ஐயோ, இதைப் போய்க் கேட்கிறாளே என்றிருந்தது வயசேத்திக்கு. மனைவி அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"வளர்ந்தான். ஒருத்தன்," என்றாள். "ரொம்பச் சாது. பசிச்சாக்கூட அழ மாட்டான். சட்டத்தைப் பிடிச்சிட்டு எந்திரிச்சு நிப்பான், அவ்வளவுதான். அதான் ஒரு கீறல்கூட இல்ல."

"இப்ப எங்க இருக்காங்க?"

"வெளியூர்ல. நல்லா இருக்கான்."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. தேடிப் பிடித்துச் சொன்ன பொய்யாகவும் இல்லை. நேற்று நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். இத்தனை வருஷமும் இந்த அறையில் அவள் ஒருத்தியாகவே பிள்ளை வளர்த்திருக்கிறாள் என்பது வயசேத்திக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் கண்கலங்கி, இதுவே போதுமென்றாள்.

வாசலுக்கு வந்ததும் மேடம் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணே, ஒளிக்காம சொல்லுங்க. இது பட்டறையில போன மாசம் செஞ்சதுதானே? கடிக்காத பிள்ளையே கிடையாதுன்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க? அந்தப் பொண்ணு பாவம், நம்பிடுச்சு. அவ மாமியார் பார்த்தா எடுத்த எடுப்புலயே சொல்லிடுவாங்க. தொட்டிலே வேணாம்னுடுவாங்க."

உண்மையைச் சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், பிள்ளை தங்காத வீட்டுத் தொட்டிலை எந்தத் தாய் வாங்குவாள்? மனைவி கேட்ட ஒன்றும் இல்லையென்று போய்விடும். பொய்யன் என்ற பெயரையே வாங்கிக்கொண்டார்.

"கொஞ்சம் உங்க கைவேலையைக் காட்டிடுங்கண்ணே. லேசா நாலு கடி. போதும்," என்று மேடம் போய்விட்டார்.

மெருகு குறைத்துத் தருவதாக மனைவியிடம் சொல்லித் தொட்டிலைப் பட்டறைக்கு ஏற்றிக்கொண்டு போனார். பல்லுளியைச் சட்டத்தில் வைத்தார். சுத்தியலை எடுத்தார். கை எழவில்லை. எத்தனையோ பிள்ளைகளை நினைத்து எத்தனையோ தொட்டிலில் தட்டிய கை! இந்தப் பிள்ளை எப்படிக் கடித்திருப்பான்? தலைகீழாக நின்றாலும் அவருக்கு அது பிடிபடவில்லை. தன் பிள்ளையை நினைக்க அவர் மனசை விட்டதேயில்லை. அந்த இடத்தில் ஊரார் பிள்ளைகளை நிறைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டார்.

மத்தியானமே தொட்டிலைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"என்னங்க, வேணாம்னுட்டாங்களா?" மனைவியின் முகம் விழுந்துவிட்டது.

பல்லுளியை அவள் கையில் வைத்தார்.

"என்ன இது?"

"பல்லு."

மேடம் கேட்டதையும் தான் செய்துவந்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். முரட்டுப் பயலையும் சோம்பேறிப் பெண்ணையும்கூடச் சொன்னார். அவள் உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் வெடித்தாள்.

"நான் இங்க ஒத்தையில இதைத் துடைச்சிட்டுக் கிடந்தேன். நீங்க அங்க ஊர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் பல்லு முளைக்க வெச்சிட்டிருந்தீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"சொன்னா நீ தாங்க மாட்டேன்னு..."

"யாரு தாங்க மாட்டா? நானா?"

இருவரும் அழுதார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த அன்றுகூட அவர்கள் சேர்ந்து அழுததில்லை. அன்று அவள் சுவரைப் பார்த்து அழுதாள், அவர் பட்டறைக்குப் போய்விட்டார்.

அழுது ஓய்ந்து, அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். தொட்டில் எப்போதும் நிற்கிற இடத்துக்கு அதை நகர்த்தச் சொன்னாள். அங்கிருந்து பார்த்தால் அறைக்கதவு தாண்டி நேரே தெருவாசல் தெரியும்.

"இங்கதான் நிப்பான்," என்று வாசல் பக்கத்துச் சட்டத்தைத் தொட்டாள். "நீங்க வர்ற நேரம் அவனுக்குத் தெரியும். சாயங்காலமானா எந்திரிச்சிடுவான். இந்த இடம். போடுங்க."

"கீழ்ப்பல்லு ரெண்டுதான் முதல்ல வரும்," என்றார் அவர்.

"தெரியும். மெதுவாப் போடுங்க. சாதுப் பிள்ளை."

தட்டினார். நகத்தால் அழுத்தியது போல ஒரு தடம் விழுந்தது. அவள் அதில் விரலை வைத்துப் பார்த்துத் தலையசைத்தாள்.

"இப்ப இந்தப் பக்கம். தள்ளி. இன்னும் கொஞ்சம்." அவர் தட்டினார். "இதைக் கொஞ்சம் அழுத்திப் போடுங்க. அன்னைக்கு நீங்க லேட்டா வந்தீங்க."

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எடுத்து, அவள் சொன்னபடியே அழுத்திப் போட்டார்.

தொட்டில் போயிற்று. மெருகைச் சுரண்டியதும் அடியில் பழைய கடித்தடம் தெரிந்ததென்று மேடமே அந்தப் பெண்ணிடம் சொல்லிச் சமாளித்துக்கொண்டார். மாமியார்க்காரி தடவிப் பார்த்து, அடேயப்பா நல்லா வளர்ந்த பிள்ளைதான் என்று சொன்னதாக மேடம் சொன்னார். வயசேத்திக்கு அந்தப் பெண்ணை நினைத்து மனசு உறுத்தியது. நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டுமே என்று நாளெல்லாம் அதே நினைப்பாக இருந்தது. பெண்குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் நலம் என்று தகவல் வந்த அன்றுதான் சாப்பாடு இறங்கியது. பின்னாலேயே மேடம் ஒரு போட்டோ அனுப்பினார்.

மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு செல்போனை வாங்கிப் பார்த்தாள். வெளிர்ப் பச்சைச் சுவர், பழைய பெண்டுலக் கடிகாரம், பிரம்பு நாற்காலி, ஜன்னல் திரை, ஓரத்தில் அறைக்கதவு. நடுவே தொட்டில். அதற்குள் ஒரு குட்டி முகம்.

"பொண்ணா. தங்கமா இருக்கா. நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்." முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவள், சட்டென்று போட்டோவைப் பெரிதாக்கினாள்.

"ஏங்க, திருப்பிப் போட்டிருக்காங்களே. பல்லுத் தடம் இருக்கிற பக்கம் ஜன்னலோட ஒட்டியிருக்கு. வாசலுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது பாருங்க."

"ஆமா, அது அவங்க வீட்டு வசதிக்கு..."

"அவன் எப்படிங்க வாசலைப் பார்ப்பான்?"

வயசேத்தி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணில் குழப்பம் எதுவும் இல்லை. தெரிந்துதான் கேட்டாள். "போன் போட்டுச் சொல்லுங்க. திருப்பிப் போட்டா போதும். வேற ஒண்ணும் வேணாம்."

வெளியே வந்து மேடத்துக்குப் போன் போட்டார். சுற்றி வளைத்து ஏதேதோ பேசி, கடைசியில் கேட்டார்.

"ஐயோ அண்ணே, அந்த ரூமே ஜன்னலை வெச்சுத்தான் பண்ணியிருக்கு," என்றார் மேடம். "அங்கதான் வெளிச்சம் விழுது. கதவைப் பார்த்துத் திருப்பினா லுக்கே போயிடும். எதுக்கு கேக்குறீங்க?"

"சும்மாதாங்க மேடம்."

உள்ளே வந்தார். மனைவி அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"திருப்பிப் போட்டுட்டாங்களாம்."

"வாசலைப் பார்த்தா?"

"வாசலைப் பார்த்துத்தான்."

வாழ்நாளெல்லாம் மரத்தில் பொய் சொன்னவர். இந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, செல்போனைச் சட்டையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்டுபிடித்தாளோ இல்லையோ, அது அவளுக்குத்தான் தெரியும்.

"அப்ப சரி," என்றாள். "நாளையிலேர்ந்து நீங்களும் நேரத்தோட வந்துடுங்க."

அன்றிலிருந்து பட்டறையில் எவ்வளவு வேலை இருந்தாலும், சாயங்காலமானால் வயசேத்தி கிளம்பிவிடுவார். தெருவாசலில் நின்று செருப்பைக் கழற்றும்போது, கதவு தாண்டி உள்ளறையில் அந்தக் காலி இடம் நேரே தெரியும். அதைப் பார்த்து, "வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார்.