காப்போடு கேட்டைத் தாண்டியவள்

சுதாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். திருநின்றவூரில் ஏரிப் பக்கம் இருக்கும் இந்த வரிசை வீடுகளில் சுவர் மெல்லிசு. அங்கே குக்கர் விசில் அடித்தால் இங்கே நான் அடுப்பை அணைக்க எழுந்துவிடுவேன். புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டு நாள் முழுக்க வீட்டோடு இருக்கிறவள் நான். அதனால் சுதாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவள் சொன்னது, மீதி சுவர் வழியாக வந்தது.

அவள் கொரட்டூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்பு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்தவள். புருஷன் குணசேகரன் ஃபிட்டர். மெஷின் மாட்ட வெளியூருக்கு அனுப்பினால் வாரக்கணக்கில் வரமாட்டார். தண்ணீர் லாரி வந்தால் தெருவில் முதலில் கேட்பது சுதாவின் குரல்தான். லாரிக்காரரே, "வந்துட்டியாம்மா, இனி லாரி உன்து" என்று இறங்கி நின்றுகொள்வார். அப்படிப்பட்டவள், பிள்ளை ஒரு தும்மல் தும்மினால் வெளுத்துப்போவாள்.

காரணம் உண்டு. முதலில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. கைக்குழந்தையாக இருக்கும்போதே சளி பிடித்தது. சளிதானே என்று தைலம் தேய்த்தார்கள். அது நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. அந்தக் குழந்தையின் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. "மொதல்து" என்பாள், அவ்வளவுதான்.

இரண்டாவது பிள்ளை ஜெகதீஷ். மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தான். அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று சுதா எங்கள் தெரு வேம்புலியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளையை மடியில் கொடுத்தால் ஆடியில் காப்புக் கட்டிப் பால்குடம் எடுக்கிறேன் என்று. பிள்ளை வீட்டுக்கு வந்தான். ஆனால் தூங்கும்போது அவன் நெஞ்சில் பூனைக்குட்டி இருப்பது போல ஒரு சத்தம். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்கே அது கேட்கும்.

ஆனி மாதத்தில் ஒருநாள் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் குழந்தை டாக்டரிடம் காட்டப் போனாள். நானும் துணைக்குப் போனேன். டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆறு மாசம் முடிஞ்சிருச்சு. ஃப்ளூ ஊசி போட்டுடலாம்மா. குறைமாசக் குழந்தை, வீசிங்கும் இருக்கு. இவனுக்கு வந்தா தாங்கறது கஷ்டம்" என்றார்.

"ஊட்ல கேட்டுகினு வரேன் மேடம்" என்று எழுந்துவிட்டாள் சுதா.

எங்கள் பக்கம் குழந்தை ஊசி என்றால் புதன்கிழமைதான். அன்று அரசு சுகாதார நிலையத்தில் சிஸ்டர் போடுவார். தெருவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகும். அந்தப் புதன்கிழமை ஊசிகளைச் சுதா ஒன்றுகூட விட்டதில்லை. புதன்கிழமையில் வராத ஊசி மேல்தான் சந்தேகம். குணசேகரன் போனில் ஸ்பீக்கரில் கத்தியது எனக்கும் கேட்டது.

"கவர்மெண்டே போடாத ஊசிய அந்தம்மா எதுக்குப் போட்றேன்றாங்க? தேவைன்னா புதன்கெயம போட மாட்டாங்களா?"

"கொறமாசப் புள்ளைக்கு வேணுமாம்யா."

"உன் இஷ்டம். எதுனா ஆச்சுன்னா என்னாண்ட வராத."

அந்த ஒரு வார்த்தையில் அவள் மடங்கிப்போனாள். போதாததற்கு யாரோ வாட்ஸப்பில் ஒரு குரலை அனுப்பியிருந்தார்கள். ஊசி போட்ட குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது என்று ஓர் ஆள் பதறிப் பதறிச் சொன்னான். எந்த ஊர், யார் குழந்தை, என்ன ஊசி, ஒன்றும் இல்லை. சுதா அதைப் போட்டுப் போட்டுக் கேட்டாள். நானும் கேட்டேன், வேறு வழியில்லாமல். பிறகு ஆடி பிறந்தது. ஊசிப் பேச்சு நின்றது. அவள் காப்புக் கட்டிக்கொண்டாள்.

காப்பு என்பது மஞ்சள் கயிறுதான், வேப்பிலை வைத்து மணிக்கட்டில் கட்டுவது. கட்டியபின் செருப்பு இல்லை, கவுச்சி இல்லை, சாவு வீடு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பால்குடம் முடியும்வரை அம்மன் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் அம்மனுக்கு எல்லை ரயில்வே லைன். கட்டிவிடுகிறவர் சம்பத் அண்ணன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், ஆடியில் பூசாரியும் அவர்தான். தினமும் ரயிலேறி வேலைக்குப் போகிற ஆண்கள், எங்களுக்கு மட்டும் எல்லையைத் தள்ளி வைக்கக் கூடாதா என்று கேட்டால், "சென்ட்ரல் வரைக்கும் எல்லைய நீட்டிக் குடுக்க நான் இன்னா ரயில்வே மந்திரியாடா?" என்பார். அதனால் முன்கூட்டியே காப்புக் கட்டுவது பெண்கள்தான்.

அந்த ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எதிர்வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் ஸ்ரீகாந்தின் மகள் வர்ஷா, நடை பழகி ஓடத் தொடங்கிய குழந்தை. அவள் உதடு நீலம் பாய்ந்திருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மத்தியானம் செய்தி வந்தது. ஃப்ளூவாம். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம்.

சுதா ஜெகதீஷை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"அக்கா, நேத்து சாய்ங்காலம் அந்தப் புள்ள இவன் வாய்ல வாய வெச்சி முத்தா குடுத்துச்சி. நான் பல்லக் காட்டிகினு போட்டோ எடுத்தேன்க்கா."

பிள்ளையின் நெற்றியில் கை வைத்தேன். சூடு இல்லை. அவன் என் விரலைப் பிடித்துக் கடித்தான்.

"போட்ருக்கணும். அந்தம்மா சொன்ன அன்னிக்கே போட்ருக்கணும்" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "போட்டு வலிப்பு வந்தா?" என்றாள்.

"அந்த ஆள் சொன்னத வெச்சா சொல்ற? யாருன்னே தெரியாதே சுதா."

"தெரியாதுதான். ஆனா காதுல ஒக்காந்துகினு கீறானே." மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். "இத கட்டிகினு லைனத் தாண்ட மாட்டேன். இவனக் குடுத்தவ அவதான். நீ கூட்டினு போக்கா. நீ வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, உனுக்கு எல்லை கெடையாது."

டாக்டரிடம் நான் தனியாகப் பேசியதே இல்லை. என் காய்ச்சலுக்கே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொள்கிறவள். ஆனால் அந்த நீல உதடு கண்ணிலேயே நின்றது. பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

கேட்டைத் தாண்டிச் சிறிது தூரத்தில் கிளினிக். உள்ளே எல்லாப் பிள்ளைகளும் இருமிக்கொண்டிருந்தன. ஊசி போட வந்த இடத்திலேயே ஒட்டிவிடுமோ என்று முந்தானையால் அவன் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். எங்கள் முறை வந்ததும் டாக்டரம்மா கேட்டார்.

"நீங்க அம்மாவா?"

"பக்கத்து வீடுங்க."

"அம்மா இல்லன்னா அப்பா வரணும்மா. யாராவது ஒருத்தர் இல்லாம புது ஊசி போட மாட்டேன்."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே வந்து சுதாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் கோவில் ஒலிபெருக்கிப் பாட்டு மட்டும் கேட்டது.

"வா சுதா" என்றேன். பிள்ளையோடு கேட் வரைக்கும் நடந்துபோய் நின்றேன்.

அவள் வந்தாள். மஞ்சள் புடவை, வெறுங்கால், அவிழ்ந்த கொண்டை. கேட் மூடியிருந்தது. அரக்கோணம் வண்டி எங்களுக்கு நடுவில் போனது. கேட் திறந்ததும் சைக்கிளும் பைக்கும் எல்லாம் தாண்டின. சுதா மட்டும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள். கட்டிய கையை இன்னொரு கையால் மூடிப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சம்பத் அண்ணனின் ஆட்டோ வந்து நின்றது. தலைக்கு மஞ்சள் துண்டு, உள்ளே சவாரி. அவர்கள் பேசியதைச் சுதா பிறகு சொன்னாள்.

"இன்னாம்மா, காப்போட எங்க கிளம்பினே?" என்றார்.

சுதா என் இடுப்பிலிருந்த பிள்ளையைக் காட்டினாள். "அவனுக்கு ஊசிண்ணா. எதிர்வீட்டுப் புள்ள நெலம தெரியும்ல உனுக்கு."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் உன்ன பாக்கல. போ."

"நீ பாக்கல. அவ பாத்துகினுதானே இருப்பா?"

அவர் சவாரியை அங்கேயே இறக்கிவிட்டார். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குள் ஜெகதீஷ் அம்மாவைக் கண்டுகொண்டான். இரண்டு கையையும் நீட்டி எம்பினான். நான் பிடிப்பதற்குள் சறுக்கப் பார்த்தான். சுதா ஓடி வந்துவிட்டாள். தண்டவாளத்தை எந்தக் காலால் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்தபின்தான் திரும்பிப் பார்த்தாள். "வந்துட்டேனேக்கா" என்றாள்.

டாக்டரம்மாவிடம் அவளே கேட்டாள். "வலிப்பு வருமா மேடம்? ஒளிக்காம சொல்லுங்க."

"இந்த வயசுல சில குழந்தைக்கு காய்ச்சல் வந்தாலே வலிப்பு வரும், எந்தக் காய்ச்சலா இருந்தாலும். ஊசியால அப்படி ஆகறது ரொம்ப அபூர்வம். லேசா காய்ச்சல் வரலாம், தொடை வலிக்கலாம். ஊசியால ஃப்ளூ வராதும்மா. போட்டுட்டா சளியே பிடிக்காதுன்னும் நான் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில படுக்கற அளவுக்குப் போறது குறையும். அதுக்குத்தான்."

"எதிர்வீட்டுப் புள்ள நேத்து முத்தம் குடுத்துச்சி."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "நேத்தே ஒட்டியிருந்தா இந்த ஊசி அதைத் தடுக்காது. பலன் வர ரெண்டு வாரம் ஆகும். அடுத்த மாசம் இன்னொண்ணும் போடணும். மூச்சு வேகமா இழுத்தாலோ, பால் குடிக்கலன்னாலோ யோசிக்காம தூக்கிட்டு வந்துடுங்க."

நான் காலைப் பிடித்துக்கொண்டேன். சுதா தலையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கும்போது பிள்ளையின் அலறலுக்கு மேல் அவள் "தாயே, தாயே" என்றது கேட்டது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவனுக்கு உடம்பு சுட்டது.

அன்றைக்குச் சுதாவின் முகத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஊசிக் காய்ச்சல் என்றால் பிழைத்தோம். வர்ஷாவின் முத்தம் என்றால் ஆஸ்பத்திரி. எல்லை தாண்டிய குற்றம் என்றால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? இதில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவள் ஒரு கையால் டாக்டரம்மா எழுதிய சொட்டு மருந்தைக் கொடுத்தாள், இன்னொரு கையால் வாசலில் வேப்பிலை செருகினாள். பிள்ளையின் சட்டையைத் தூக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

போன் அடித்தது. குணசேகரன். "இன்னா பண்றான் பையன்?"

"தூங்கறான்" என்று வைத்துவிட்டாள். என்னைப் பார்த்து, "உங்க சாமியாண்டயும் ஒரு வார்த்த சொல்லிவைக்கா" என்றாள். "அவரு கோச்சிக்க மாட்டாருல்ல?"

"மாட்டாரு" என்றேன். எனக்கு அப்போது எதுவும் உறுதியாகத் தெரியாது. என் வாய் ஜெபித்தது, கண் அந்த நெஞ்சிலேயே இருந்தது. பால் கொடுத்தபோது குடித்தான். அது ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

விடிந்தபோது உடம்பு ஆறியிருந்தது. பின்னிரவில் என் வீட்டுக்குப் போய்க் கண்ணயர்ந்த நான் எழுந்ததே, சுவருக்கு அந்தப் பக்கம் அவன் கிண்ணத்தைத் தரையில் தட்டுகிற சத்தத்தில்தான். ஓடிப்போய்ப் பார்த்தேன். கஞ்சி தலைமுடியில் இருந்தது. சுதா சுவரில் சாய்ந்தபடியே கண் திறந்து உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை. "இன்னும் நாள் கீதுக்கா. முத்தம் குடுத்து ரெண்டு நாள்தானே ஆச்சு" என்றாள்.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு தும்மலுக்கும் சுவர் தட்டப்பட்டது. நான் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். ஃப்ளூ அவனுக்கு வரவில்லை. வர்ஷாவும் மெலிந்து, அப்பாவின் தோளில் தலை சாய்த்தபடி வீடு வந்து சேர்ந்தாள்.

பால்குடத்தன்று நான் ஜெகதீஷைத் தூக்கிக்கொண்டு கோவில் வேலிக்கு வெளியே நின்றேன். மஞ்சள் புடவை வரிசையில் சுதா நடந்து வந்தாள். மற்றவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். இவள் மட்டும் அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள், வகுப்பில் திட்டு வாங்கப்போகும் பிள்ளை டீச்சரைப் பார்ப்பது போல. குடத்தை இறக்கிக் கொடுக்கும்போது பால் கொஞ்சம் சிந்தியது. அவளுக்கு உயிரே போய்விட்டது.

சம்பத் அண்ணன் குடத்தை வாங்கி அம்மன் தலையில் ஊற்றினார். திரும்பி வந்து அவள் கையில் காப்பை அறுக்கும்போது, குனிந்தபடியே கேட்டார்.

"ஊசி போட்ட காலு வீங்கிச்சாம்மா?"

"இல்லண்ணா."

"சரி" என்று அடுத்த கைக்கு நகர்ந்தார்.

சுதா வேலிக்கு வெளியே வந்து பிள்ளையை என்னிடமிருந்து வாங்கினாள். கயிறு இருந்த இடத்தில் மஞ்சள் கோடு மட்டும் இருந்தது. அவன் மூச்சைக் காதை வைத்துக் கேட்டாள். பூனைக்குட்டிச் சத்தம் இன்னும் இருந்தது.

"அவ கோச்சிகினாளா இல்லியான்னு தெரியலக்கா. பயமாத்தான் கீது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அடுத்த ஊசிக்கு நானே தூக்கினு போறேன். நீ கால மட்டும் புடிச்சிக்க" என்றாள்.