நொரெ

எங்கள் தொழிற்சாலைக் கழிவால்தான் ஏரி நுரைக்கிறது என்று அரசு சோதித்து அறிந்திருந்தும், அந்த அறிக்கையைப் பூட்டி வைத்திருந்தது. யாரோ சில ஹேக்கர்கள் பூட்டை உடைத்து, அறிக்கையையும் அதோடு இருந்த புகார் மனுக்களையும் இணையத்தில் போட்டார்கள். மனு கொடுத்தவர்களின் பெயர்களைக் கறுப்பால் மறைத்தும் இருந்தார்கள். மனசாட்சியுள்ள திருடர்கள் என்று கேன்டீனில் நான் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

அதில் ஒரு மனு, என் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நண்பன் எழுதியது. மேனேஜருக்குத் தெரிந்தால் அவன் வேலை போய்விடும்.

திருநெல்வேலிக்காரரான மேனேஜர் கைப்பேசியில் அந்த மனுவைத் திறந்தபடி வந்து நின்றார். "ஏரி பூரா நொரெயாம்! நுரைய நொரென்னு சொல்லுதவன் இங்க யாருய்யா?"

வீட்டில் கன்னடம் பேசுபவர்கள் எங்களில் பலர். தமிழ் பேசும்போதும் அந்தக் கன்னட வார்த்தையை விடாதவன் நண்பன் ஒருவன்தான். கறுப்படித்த பக்கத்தில் அவன் நாக்கு மட்டும் மறையாமல் இருந்தது. அவன் கைச்சோறு பாதி வழியில் நின்றது.

நான் டம்ளரைத் தூக்கினேன். "அக்கா, காப்பியில நொரெயே இல்ல. நல்லா ஆத்திக் குடுங்க."

பக்கத்து மேசைக்காரர் என்னை ஒரு நொடி பார்த்தார். "எனக்கு நொரெ வேண்டாம்க்கா."

"எனக்கு மொத்தமும் நொரெதான்!" என்றது இன்னொரு குரல்.

"நொரெக்குத் தனி டம்ளரா வெக்க முடியும்? போங்கப்பா!" என்றார் காப்பி ஆற்றும் அக்கா.

மேனேஜர் எங்களை மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறைத்ததைத் திறந்து காட்டியவர்களுக்கு என் ஆதரவு இப்போதும் உண்டு. அடுத்த முறை பெயரோடு பேச்சுவழக்கையும் மறைத்தால் நல்லது. கணினியில் எழுதும் என் நாட்குறிப்பில் அன்று நானும் நொரெ என்றே எழுதினேன். அதையும் யாராவது உடைத்துத் திறந்தால், குழம்பட்டும்.