உப்புக் குறைந்த சாறு விற்ற காலம்

காசு கொடுத்து வாங்கியதைக் குறை சொல்லாமல் விழுங்குகிறவர்கள்கூட, சும்மா கொடுத்ததில் ஆயிரம் குறை காண்பார்கள் என்பது ருசி பார்க்கக் கொடுக்கிற தொழிலில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். கல்முனையில் ஒரு சுப்பர் மார்க்கட் வாசலுக்கு உள்பக்கம் சின்ன மேசை போட்டிருந்தார்கள். உப்புக் குறைந்த மரக்கறிச் சாற்றை டின்னிலிருந்து கடதாசிக் கோப்பைகளில் ஊற்றி, போகிற வருகிறவர்களுக்கு நீட்ட வேண்டும். ஒன்றரை வருடம் நீட்டினேன். என்னைப் போலத் தட்டும் சிரிப்புமாகக் கால் கடுக்க நின்ற சகோதரிமாரே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

வேலைக்குச் சேர்ந்ததும் கம்பனி ஒருநாள் வகுப்பு வைத்தது. தக்காளி, கரட், பீட்ரூட், கீரை எல்லாம் சேர்ந்த சாறு. விற்றமின் ஏ இருக்கிறது, சி இருக்கிறது, பொட்டாசியம் நிறைய இருக்கிறது, உப்பு மட்டும் குறைவு, அதனால் பிரஷர்காரருக்கு நல்லது என்று சொல்லித் தந்தார்கள். நானும் பாடமாக்கிக்கொண்டு வந்தேன்.

முதல் கோப்பை

முதலில் வந்தவர் கல்முனைக்குடியில் இரண்டு தோணி வைத்திருக்கும் ஒரு ஹாஜியார். வெள்ளைச் சாரன், அத்தர் வாசம், பின்னால் சாமான் கூடையோடு அவருடைய மனைவி. நான் பயபக்தியோடு கோப்பையை நீட்டினேன். பிஸ்மி சொல்லி ஒரே மடக்கில் குடித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். முதல் நாளே ஒரு மௌத்தா, ஆளே போய்விட்டாரா என்று பயந்துவிட்டேன்.

கண்ணைத் திறந்ததும் கோப்பையின் அடியைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அவசரமாக, "உப்புக் குறைச்ச சாறு ஹாஜியார், உடம்புக்கு நல்லம்" என்றேன். அவர் மனைவியின் பக்கம் திரும்பி மிகவும் கவலையோடு சொன்னார்: "உப்புப் போட மறந்ததுக்கு நீ என்னட்ட எத்தின தரம் ஏச்சு வாங்கியிருக்காய்? இஞ்ச பாரு, மறந்துபோட்டு விலையும் கேக்கிறாங்க."

நார் எங்கே?

கடைக்கு வெளியே, படிக்குப் பக்கத்தில், பாண்டிருப்பிலிருந்து வரும் சரசக்கா கீரைக்கட்டும் மரக்கறியும் பரப்பி வைத்திருப்பார். என் மேசை வந்த நாளிலிருந்து அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. வாங்க வந்த சனம் உள்ளே போய் என்னிடம் ஒரு கோப்பை குடித்துவிட்டு, "இண்டைக்கு மரக்கறி சாப்பிட்டாச்சி" என்று அவரைத் தாண்டிப் போனால் எப்படிப் பிடிக்கும்?

ஒருநாள் மழைக்கு ஒதுங்க உள்ளே வந்தவர், என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "தங்கச்சி, ஒரு கேள்வி. கிளினிக்கில எனக்கு நார்ச்சத்துச் சாப்பிடச் சொல்லிக் கிடக்கு. இதுக்குள்ள நார் கிடக்கோ?" டின்னைத் திருப்பிப் படித்தேன். கிடந்தது, ஆனால் பேருக்குத்தான். சாறு பிழிந்தால் நாரில் பெரும்பங்கு சக்கையோடு போய்விடும். பொய் சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்சந்தான் அக்கா, முழு மரக்கறியில இரிக்கிற மாதிரி இதில இல்ல" என்றேன். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் முதல்முதலாகச் சிரிப்பைக் கண்டேன். மழை விட்டதும் வெளியே போகும்போது தீர்ப்புச் சொன்னார்: "அப்ப சண்டை என்னத்துக்கு? சாற நீ வில்லு, நார நான் விக்கிறன்."

சட்டைப் பையில் ஒரு பொட்டலம்

தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவருக்குப் பிரஷர். அவர் மனைவி, நான் அக்கா முறை சொல்லும் நூர்ஜஹான் ராத்தா, ஒரேயடியாக ஆறு டின் வாங்கினார். அடுத்த கிழமையும் ஆறு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ருசித்துக் குடிக்கிற ஒரு மனிதரையாவது கண்டுபிடித்துவிட்டேன் என்று வீட்டிலும் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் கிழமை அந்த மனிதரே தனியாக வந்தார். என்னிடம் ஒரு கோப்பை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து சின்னக் கடதாசிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அதிலிருந்த உப்பை மூன்று விரலால் கிள்ளிப் போட்டு, விரலாலேயே கலக்கிக் குடித்து, "ஆ!" என்றார். நான் பதறிப்போய், அண்ணன் முறை வைத்து, "காக்கா, உப்புக் குறைக்கத்தானே இத வாங்கின?" என்று கேட்டேன். அவர் பொட்டலத்தைப் பக்குவமாக மடித்துப் பையில் வைத்தபடி சொன்னார்: "டின்னுக்குள்ள உப்புக் குறைவுதான் தங்கச்சி, அதில பிழை இல்ல. மிச்சத்த ராத்தாட்ட மட்டும் கதைச்சிராதீங்க."

நோன்பில் இருநூறு கோப்பை

கொழும்பிலிருந்து எங்கள் மேற்பார்வையாளர் அன்ரனி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். நல்ல பிள்ளை, கடதாசியில் போட்ட திட்டம் எல்லா ஊரிலும் நடக்கும் என்று நம்புகிறவர். நோன்பு மாதத்தில் சனத்துக்குச் சத்து அதிகம் தேவைப்படும் என்று கணக்குப் போட்டு, இருநூறு கோப்பையோடு பகல் பதினொரு மணிக்கு வந்து இறங்கினார். கோப்பைகளில் ஊற்றி வரிசையாக அடுக்கவும் செய்தார். சனம் வந்தது, மேசையைப் பார்த்தது, எங்களைப் பரிதாபமாகப் பார்த்தது, போய்விட்டது.

விசயம் விளங்கியதும் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊற்றியதையெல்லாம் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார். எல்லாரும் நோன்பு, தான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று பகல் சாப்பாட்டுக்கும் போகவில்லை. பொழுது பட்டு மகரிப் பாங்கு சொன்னதும் பள்ளியிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியைக் கடை மனேஜர் அவருக்கும் ஊற்றிக் கொடுத்தார். தேங்காய்ப்பாலும் இறைச்சியும் போட்ட சூடான கஞ்சி. ஒன்று குடித்தார், இரண்டு குடித்தார், மூன்றாவதை வாங்கிக்கொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "மிஸ், இப்படிக் கஞ்சி காய்ச்சிற ஊருக்கு என்னையேன் சாறு விக்க அனுப்பினவங்கள்?"

மாவடிப்பள்ளிக்கு ஓட்டோ

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. நோன்பெல்லாம் முடிந்து ஒரு புதன்கிழமை, வைத்தியசாலையில் சிறுநீரகக் கிளினிக்கில் வேலை செய்யும் ஒரு தாதி சாமான் வாங்க வந்தார். கோப்பையை வாங்கவில்லை, டின்னை வாங்கிப் பின்பக்கம் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார். "தங்கச்சி, உப்பக் குறைச்சிப்போட்டு, ருசிக்குப் பொட்டாசியம் உப்புப் போட்டிருக்காங்க. தக்காளியிலயும் பொட்டாசியம் கூடத்தான். மற்றாக்களுக்குப் பிரச்சினை இல்ல. கிட்னி வருத்தக்காரருக்கு அது வெளிய போகாம ரத்தத்தில கூடினா இதயத்துக்கே கூடாது. அவங்களுக்குக் குடுக்கிறல்லதானே?"

நீட்டிய கோப்பையைத் திரும்ப மேசையில் வைத்தேன். இரண்டு நாளைக்கு முன்னால் மாவடிப்பள்ளியிலிருந்து வந்த ஆதம்பாவா என்ற வயல்காரர் என்னிடம் தெளிவாகக் கேட்டிருந்தார்: "மகள், எனக்குக் கிட்னியில கொஞ்சம் குறை இரிக்கி, பிரஷரும் இரிக்கி. இது குடிக்கலாமா?" நான் பாடமாக்கியதை அப்படியே ஒப்புவித்து, "உங்களுக்காகத்தான் சாச்சா இத செஞ்சிரிக்காங்க" என்று சொல்லிப் பன்னிரண்டு டின் கொடுத்தனுப்பியிருந்தேன்.

நல்லவேளை, டின் வாங்குகிறவர்களுக்குக் கம்பனி வைத்த பரிசுக் குலுக்கலுக்கு அவர் நிரப்பிப் போட்ட துண்டு பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைக் கொட்டித் தேடி எடுத்தேன். போன் அடித்தேன்; எடுக்கவில்லை. மேசையை அப்படியே போட்டுவிட்டு, விலாசத்தோடு ஓட்டோவில் ஏறினேன். வழி நெடுகத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினேன். வீட்டு வாசலில் அவர் நெல் மூட்டைக்குச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "குலுக்கலில விழுந்திட்டா மகள்?" என்று சந்தோசமாக எழும்பினார். நான் அழுதுவிட்டேன். அழுகைக்கு நடுவே விசயத்தைச் சொன்னேன். தினமும் இரண்டு என்று நான்கு டின் குடித்திருந்தார். அவருடைய மனைவி ஒரு வார்த்தையும் ஏசாமல் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அது ஏச்சை விடக் கூடச் சுட்டது. மிச்சம் எட்டையும் நான் வாங்கிக்கொண்டேன். அதே ஓட்டோவில் அவர்கள் இரண்டு பேரும் வைத்தியசாலைக்குப் போனார்கள்.

கடைக்குத் திரும்பியும் பின்னேரம் வரைக்கும் நான் ஒருவருக்கும் கோப்பை நீட்டவில்லை. அசர் தொழுதுவிட்டு வந்தபோது போன் அடித்தது. ரத்தம் சோதித்தார்களாம். பொட்டாசியம் கொஞ்சம் கூடித்தான் இருந்ததாம். நேரத்தோடு வந்தது நல்லது, இனிக் குடிக்க வேண்டாம் என்று டொக்டர் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினாராம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஆதம்பாவா சாச்சா விடவில்லை. "குடி குடியெண்டு வீட்டுக்கு வந்து விக்கிற ஆக்கள் கனபேரக் கண்டிரிக்கன் மகள். வித்ததக் குடிக்காதீங்கண்டு ஓடி வந்தவ நீ ஒராள்தான்."

பலகை

அடுத்த நாள் காலை ஒரு காட்போர்ட்டில் பெரிய எழுத்தில் எழுதி மேசையில் நிறுத்தினேன்: கிட்னி வறுத்தம் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் குடிக்க வேண்டாம். மனேஜர் வந்தார், பார்த்தார், தலையில் கை வைத்தார். "றிஸானா, விக்கிறத்துக்கு நிப்பாட்டின ஆள் குடிக்க வேணாமெண்டு எழுதி வெச்சா, கம்பனி உன்ன வெச்சிருக்குமா?"

வீட்டில் என் சம்பளத்தை நம்பி உம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனாலும், "பலகைய எடுக்கிறண்டா மேசையையும் எடுங்க சேர், நான் வீட்ட போறன்" என்றேன். அவர் பலகையைக் கையில் எடுத்துத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, இன்னொரு தரம் வாசித்தார். கிழித்துப் போடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பையிலிருந்து பேனையை எடுத்து என்னிடம் நீட்டினார்: "வைக்கிறதெண்டா ஒழுங்கா எழுதி வையி. வருத்தத்துக்குச் சின்ன 'ரு' போடணும், நீ என்ன வறுத்த கடலையா விக்கிறாய்?"

உப்புக் குறைந்த சாற்றில் என்ன சத்து இருக்கிறது என்று இன்றைக்கும் ஆராவது கேட்டால், "குடிக்கப்போறது ஆரு?" என்று திருப்பிக் கேட்காமல் எனக்குப் பதில் வருவதில்லை, அதனால்தானோ என்னவோ ஒன்றரை வருடத்தில் ஒரு மாதம்கூட விற்பனையில் நான் முதலாவதாக வரவில்லை.