பொதுக்குழுவில் பிரபஞ்சம்

கரமனைப் பக்கம் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் நான் சங்கச் செயலாளராக இருந்த வருடம், ஓண விருந்துக்கு முன்னால் அறிவுக்கும் கொஞ்சம் தீனி போட வேண்டும் என்று தலைவருக்குத் தோன்றியது. அவர் தொழிற்சங்கத்திலேயே தலை நரைத்தவர். கூட்டம் என்று ஒன்று கூடினால் தீர்மானம் இல்லாமல் கலையக் கூடாது என்பது அவர் கொள்கை.

நான்காம் மாடியில் ராக்கெட் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருந்தார். ராக்கெட் நிலையம் இருக்கும் இந்த ஊரில் எந்தக் குடியிருப்பிலும் அப்படி ஒருவர் இருப்பார். லிஃப்ட் நின்றுபோனால் கூப்பிடுவோம். வேறு எதற்கும் நாங்கள் கூப்பிட்டதில்லை. என்னைப் போலவே வீட்டில் தமிழ் பேசுகிறவர், மனைவி போன பிறகு தனியாக இருந்தார். பிரபஞ்சத்துக்கு முடிவு உண்டா, இல்லையா என்று பேச முடியுமா என்று கேட்டதும், மறுநாளே லேப்டாப்போடு எங்கள் வீட்டுக்கு வந்து ஸ்லைடுகளைக் காட்டிப் புரிகிறதா என்று கேட்டார். புரிகிறது என்றாள் என் மனைவி. அவள் பார்வை அடுப்பில் இருந்தது.

ஓணத்தன்று பொதுக்குழுவில் அவர் நன்றாகவே பேசினார். நம்மை வந்து சேர்ந்த வெளிச்சம் வரைக்கும்தான் நமக்குத் தெரியும், அதற்கப்பால் முடிகிறதா, போய்க்கொண்டே இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்றார். அதற்குள் பக்கத்தில் இலை போட்டு நேந்திரங்காய் உப்பேரியும் வைத்துவிட்டார்கள்.

தரைத்தளத்துக்காரர் எழுந்து, தன் படுக்கையறைச் சுவரில் விரிசல் விழுந்ததற்கும் இதுதான் காரணமா என்று கேட்டார். பொறியாளர் பொறுமையாக, கட்டடத்துக்குள் அந்த விரிவு வேலை செய்யாது என்று விளக்கினார். அப்படியென்றால் கட்டினவன்தான் குற்றவாளி என்று கேட்டவர் திருப்தியாக உட்கார்ந்தார். முடிவு இருந்தால் அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று இன்னொருவர் கேட்டார். முடிவு உண்டா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்கள் பின்வரிசைக்காரர்கள்.

தெரியாது என்றார் பொறியாளர்.

தலைவருக்குப் பொறுமை போயிற்று. முடிவில்லாமல் பேசிக்கொண்டிருக்க முடியாது என்று வாக்கெடுப்புக்கு விட்டார். முடிவில்லை என்பதற்குக் கை தூக்கியவர்களில் பாதிப் பேர் இலையை நோக்கி நடந்துகொண்டே தூக்கினார்கள். எதிர்த்தவர் பொருளாளர் ஒருவர்தான். எதற்கும் ஒரு வரம்பு வேண்டும் என்பது அவர் கட்சி. பிரபஞ்சம் முடிவில்லாதது என்ற தீர்மானம் பெரும்பான்மையால் நிறைவேறியது. பொறியாளர் கை தூக்கவில்லை, சாப்பிடவும் வரவில்லை.

கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு மேலே போனேன். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவருக்குக் கவலை வேறு.

"முடிவில்லைன்னு நான் சொல்லலையே சாரே. தெரியாதுன்னாக்கும் சொன்னேன். மினிட்ஸ்ல என் பேர்ல தப்பா ஒண்ணும் வரப்படாது."

தலைவரைப் போனில் பிடித்தேன். நிறைவேறிய தீர்மானத்தைத் தொட முடியாது என்று முதலில் முறுக்கினார். வாய் நிறையப் பிரதமன் பாயசம் இருந்ததால் அதிகம் வாதாடவில்லை. கடைசியில், மேற்படி பொருள் அடுத்த பொதுக்குழுவுக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதலாம் என ஒத்துக்கொண்டார். பொறியாளருக்கு அதை வாசித்துக் காட்டினேன். ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"இது சரியாக்கும்," என்று கேரியரைத் திறந்தார்.

எனக்குப் பிறகு வேறு செயலாளர்கள் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலிலும் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வதற்கு அடுத்த பொருளாகப் பிரபஞ்சம் இருக்கிறது. தொட்டியிலேயே சண்டை வந்துவிடுவதால் யாரும் பிரபஞ்சம் வரைக்கும் போவதில்லை. அவர் மட்டும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.